போர்டில் ‘ஒரு நோயாளி’ என்று எழுதியிருப்பது என்னைத்தான்

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிறகு வியாதிக்கு வருகிறேன்.

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில் ஒரு ரைஸ் மில் இருக்கிறது. அது என்னுடையது. அதற்கு எதிரே கீழே மூன்று கடை, மேலே ஒரு மாடி என்று ஒரு கட்டடம் நிற்கிறது. அதுவும் என்னுடையது. இரண்டு டிராக்டர், ஒரு நெல் அறுக்கும் மெஷின், நாலு இடத்தில் போர்வெல், எங்கள் காலனியில் முதன்முதலாக எழும்பிய மாடி வீடு, இத்தனையும் நான் சம்பாதித்தவை. என் நைனா முனியன் எனக்கு விட்டுப்போனது ஒரு மண்வெட்டி. அதற்கும் காம்பு கிடையாது.

மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினோரு வயதில் கமிட்டியில், அதாவது நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் ஏலம் போகிற இடத்தில், சிந்திக் கிடக்கிறதைக் கூட்டி அள்ளுகிற வேலை. பதினாறு வயதில் நெல் அவிக்கிற மில்லில் பாய்லருக்கு உமி தள்ளப் போனேன். ஆவி எத்தனை பவுண்டு ஏறினால் நெல் வேகும், எத்தனை ஏறினால் குழாய் வெடிக்கும் என்று காதால் கேட்டே சொல்லுவேன். முதலாளி ஊரில் இல்லாதபோது இன்ஜினியரே என்னிடம்தான் வந்து கேட்டார். பாங்க் மேனேஜர் என்னை மூன்று தடவை திருப்பி அனுப்பினார். நாலாவது தடவை அவரே என் மில்லைத் தேடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். என் பற்கள். அறுபத்தெட்டு வயதில் முப்பத்திரண்டும் சொந்தப் பல். கமிட்டி வாசல் டீக்கடையில் பந்தயம் கட்டி சோடா மூடியைப் பல்லால் திறந்திருக்கிறேன். இந்தப் பற்களில்தான் எனக்கு வினை வந்தது.

போன வருஷம் பொங்கலுக்குக் கரும்பு கடித்தபோது கடைவாயில் பட்டென்று ஒரு சத்தம். பல் பாதியாகப் பிளந்துவிட்டது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. பதினைந்து நாள் இடது பக்கமே மென்று ஓட்டினேன். தாங்க முடியாமல் போனபோது, என் கட்டடத்திலேயே கீழே நடுக்கடையில் இருக்கிற பல் டாக்டரிடம் போனேன். டாக்டர் பத்மினி. மேல்சித்தாமூர் பக்கத்தில் நிலபுலமுள்ள சமண நயினார் வீட்டுப் பெண். என் நைனா அந்தப் பக்கத்து நிலங்களில் கூலி வேலை செய்தவர். இன்று அந்த வீட்டுப் பெண் எனக்கு வாடகை கொடுக்கிறாள் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

காலையில் முதல் ஆளாகப் போனேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்று. உதவிக்கு இருக்கிற பெண் என்னைப் பார்த்ததும் நாற்காலியில் தலை வைக்கிற இடத்துக்குப் புதிதாக ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டினாள். விளக்கின் கைப்பிடிக்கு இன்னொரு உறை. டாக்டர் கைக்கு உறை போட்டார், வாய்க்கு முகமூடி போட்டார், அதற்கும் மேலே கண்ணாடி மாதிரி ஒரு தட்டியை முகத்துக்கு இறக்கினார். கொப்பளிக்கக் காகித டம்ளர். அதற்கு முன்னால் ஒரு தாள் வேறு. சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா, மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா என்று.

“இதெல்லாம் என்கிட்ட மட்டும் கேக்கறியாம்மா, எல்லாருகிட்டயும் கேக்கறியா?” என்றேன்.

“எல்லார்கிட்டயும்தான் ஐயா.” முகமூடிக்குள் சிரித்தது தெரிந்தது.

நான் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று சொல்ல வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனி கிளாஸ். ஓலைக் கூரையில் செருகியிருக்கும். நாமே எடுத்து நீட்ட வேண்டும், கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள், குடித்துவிட்டு நாமே கழுவிச் செருகிவிட்டு வர வேண்டும். என் நைனா அந்தக் கிளாசில் குடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அப்படிப்பட்டவன் கண்ணுக்கு அந்தக் கையுறை என்னவாகத் தெரியும்? குடித்ததும் தூக்கிப் போடுகிற அந்தக் காகித டம்ளர் என்னவாகத் தெரியும்? இத்தனை சம்பாதித்தும், என் சொந்தக் கட்டடத்தில், என்னைத் தொட உறை போட்டுக்கொள்கிறாள் என்று தெரிந்தது.

“போன் வருதும்மா” என்று எழுந்து வந்துவிட்டேன். போன் வரவில்லை.

அடுத்த வாரம் சந்தை நாளில் பக்கத்திலிருக்கிற அனந்தபுரம் போனேன். அங்கே ஒரு சின்ன அறையில் பல் பிடுங்கிக் கட்டுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாசலில் பல் படம் போட்ட போர்டு. படித்த டாக்டர் இல்லை, கைப்பழக்கம். பத்துப் பேர் காத்திருந்தார்கள். ஊர், காலனி என்று எல்லாத் தெருக்காரர்களும் இருந்தார்கள். வெறும் கையை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். சின்ன பாட்டிலிலிருந்து ஊசி. முன்னால் போனவருக்குப் போட்ட அதே சிரிஞ்ச்சா என்று நான் பார்க்கவில்லை. குறடு ஒரு பேசினில் கலங்கிய டெட்டால் தண்ணீருக்குள் கிடந்தது. எடுத்தார், உதறினார், பிடுங்கினார்.

“இந்தா பெரியவரே, கொப்பளிச்சித் துப்பு” என்று ஒரு எவர்சில்வர் டம்ளரை நீட்டினார்.

“எல்லாருக்கும் இதே டம்ளரா?”

“பின்ன? ஆளுக்கொரு டம்ளர் வாங்கறதுக்கு நான் இன்னா பாத்திரக்கடையா வெச்சிருக்கேன்?”

அந்தப் பேச்சு எனக்குத் தேனாக இனித்தது. எல்லாருக்கும் ஒரே டம்ளர்! மனுஷன் என்றால் இவன் மனுஷன் என்று நினைத்தேன். பிடுங்கிய இடத்தில் ஒரு பொய்ப் பல்லை, பக்கத்துப் பல்லோடு ஏதோ மாவைக் குழைத்து ஒட்டிக் கட்டினார். அன்று மாலையே டீக்கடைக்கு வந்து, முப்பத்திரண்டும் சொந்தம் என்று மறுபடியும் சொன்னேன். கூசவில்லை.

சித்திரைக் கடைசியில் அந்த இடம் வீங்கியது. கன்னம் பன்னு மாதிரி ஆகிவிட்டது. மகன் சரவணன் பார்த்துவிட்டு, “நம்ம பில்டிங்லயே டாக்டர வெச்சிகினு எதுக்கு நைனா கஷ்டப்படற?” என்று கையைப் பிடித்து இழுத்துப் போனான். அவனை வெளியில் நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டர் பத்மினி பார்த்த உடனே கேட்டார்.

“இந்தப் பல்ல யார் கட்டினது ஐயா?”

“மெட்ராஸ்ல. பெரிய டாக்டர்.”

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். என் பெயர் போட்ட அட்டையில் என்னவோ எழுதிக்கொண்டார். சீழைக் கீறி எடுத்து, அந்த மாவையும் பொய்ப் பல்லையும் கழற்றி, மாத்திரை கொடுத்தார். கேள்வித் தாளில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று படிக்காமலே கோடு போட்டுக் கொடுத்தேன்.

சரியாகப் பதினைந்தாம் நாள் சோறு பிடிக்காமல் போனது. மில்லில் அரிசி வேகிற வாசனையே குமட்டியது. அந்த வாசனையில் வளர்ந்தவன் நான். சிறுநீர் டீத் தண்ணி நிறத்தில் போனது. என் சம்சாரம் அலமேலு கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னாய்யா இது, மஞ்சளா பூத்துக்கினு கீது” என்றாள். ஒரு வாரம் கீழாநெல்லி அரைத்துக் குடித்தேன். யார் வந்தாலும் ஒரு மருந்து சொன்னார்கள், நானும் குடித்தேன். எட்டாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. செஞ்சி கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

அங்கே காத்திருக்கிற இடத்தில் மூன்று மணி நேரம் சக்கர நாற்காலியில் இருந்தேன். யாருக்காகவும் காத்திருந்து எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அங்கே எல்லாரும் ஒரே வரிசை. என் தோளில் தலை சாய்த்து ஒரு அந்நிய மனுஷர் தூங்கினார். அவரை எழுப்பத் தோன்றவில்லை.

வியாதியின் பெயர் ஹெபடைடிஸ் பி. டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். இது ஈரலைப் பிடிக்கிற ஒரு வைரஸ். ரத்தத்தில் இருக்கும். இருக்கிறவர் ரத்தம் துளி போதும், கண்ணுக்குத் தெரியாத துளிகூடப் போதும், இன்னொருவர் ரத்தத்தில் கலந்தால் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த ரத்தத்தில்கூட ஒரு வாரம் உயிரோடு கிடக்குமாம். தண்ணீரில் வருகிற காமாலை வேறு, இது வேறு. பிலிருபின் என்று ஒரு கணக்கு இருக்கிறது, காமாலையின் அளவு. ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது எனக்குப் பதினெட்டு. இன்னொரு டெஸ்ட், ரத்தம் எத்தனை நேரத்தில் உறைகிறது என்று பார்ப்பது. அது நேரம் கூடிக்கொண்டே போனால் ஈரல் கைவிடுகிறது என்று அர்த்தம்.

“பெரியவங்கள்ல முக்காவாசிக்கு மேல தானா சரியாயிடும். மருந்தவிட ரெஸ்ட்தான் முக்கியம்” என்றார் டாக்டர். “ஆனா உங்களுக்கு உறையற நேரம் கொஞ்சம் இழுக்குது. தினம் பாக்கணும்.”

ஆறு மாதத்துக்குள் ஊசி, ஆபரேஷன், பச்சை குத்தியது, பல் வைத்தியம் ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சரவணன் முந்திக்கொண்டான். “பல்லு வைத்தியம் சார். இருபது இருபத்தஞ்சி நாள் முன்னாடி. எங்க பில்டிங்லயே.”

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். “அது ரொம்பக் கிட்டக்க இருக்கே. இந்த வைரஸ் உள்ள போயி வெளிய தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல சார். நைனா பல்லு கல்லு மாதிரி.”

நான் சுவரைப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் வீட்டிலிருந்து எனக்குத் தட்டும் டம்ளரும் வந்தன. டம்ளரின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு வைத்திருந்தது. “ஒண்ணும் இல்ல நைனா, மாறிடக் கூடாதுன்னு” என்றான் சரவணன். பயத்தில்தான் செய்தான். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அன்றைக்கு நான் காப்பி குடிக்கவில்லை.

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அதைக் கவனித்தார். “இது எதுக்கு? தட்டு, டம்ளர்ல இது பரவாது. கூட உக்காந்து சாப்பிடலாம், கட்டிப் புடிக்கலாம். பிளேடு, பிரஷ், ஊசி, ரத்தம் படற சாமான், அத மட்டும் தனியா வைங்க. வீட்டுல எல்லாரும் ரத்தம் பாத்துட்டு தடுப்பூசி போட்டுக்குங்க. மூணு ஊசி, அவ்ளோதான்.”

அவர் போன பிறகு அலமேலு, நான் பாதி குடித்து வைத்திருந்த காப்பியை எடுத்தாள். அந்தச் சிவப்புப் பொட்டு டம்ளரிலேயே மிச்சத்தை ஒரே மடக்காகக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, “சக்கர கம்மி” என்றாள். நாற்பத்தைந்து வருஷத்தில் அவளுக்கு நான் நகை போட்டிருக்கிறேன், வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். அன்று அவள் எனக்குக் கொடுத்ததற்கு நான் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை என்று தோன்றியது. சரவணன் டம்ளரை எடுத்துப்போய் நகத்தால் பொட்டைச் சுரண்டினான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தி, ஒவ்வொரு குத்துக்கும் “மன்னிச்சிக்குங்க தாத்தா” என்று சொன்ன நர்ஸ். நான் வாந்தி எடுத்ததை முகம் சுளிக்காமல் துடைத்த அம்மா. செலவில் பெரும்பகுதியைத் தாங்கிய கவர்மென்ட் இன்சூரன்ஸ் அட்டை. அந்த அட்டை எதற்கு என்று கிண்டல் செய்தவன் நான்.

தினமும் காலையில் ஒரு வேடிக்கை நடக்கும். டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, “பேரை எழுதுங்க” என்பார். ஈரல் தோற்றால் அழுக்கு மூளைக்கு ஏறுமாம். அப்போது ஆரம்பத்திலேயே கையெழுத்து கோணிவிடுமாம். நான் எழுதுவேன்: மு. ஏழுமலை. மூன்றாம் வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்து. அதை வைத்துத்தான் பத்திரம், செக், லோன் எல்லாம். முதல் நாலு நாள் நேராக இருந்தது. ஐந்தாம் நாள் ‘ழு’ கொஞ்சம் சரிந்தது. டாக்டர் தாளை மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டார்.

அன்று மதியம்தான் அலமேலு ஊர்ச் செய்தியைச் சொன்னாள். வேறெங்கும் நான் பல் பார்க்கவில்லை என்று நம்பிய சரவணன், முந்தின நாள் செஞ்சிக்குப் போய், டாக்டர் பத்மினியின் கடை ஷட்டருக்கு நம் பூட்டைப் போட்டுவிட்டானாம். மாசக் கடைசிக்குள் சாமானை எடுத்துக்கொண்டு காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டானாம். ‘மில்லுக்காரருக்கு அங்கதான் காமாலை ஒட்டிச்சி’ என்று ஊரெல்லாம் பேச்சாம். பல் வைத்தியம் பாதியில் நின்றவர்கள்கூட வேறு இடம் பார்த்துக்கொண்டு போகிறார்களாம்.

“அந்தப் பொண்ணு இன்னா சொன்னா?” என்றேன்.

“ஒண்ணும் சொல்லல. நானும் போயி நின்னேன். ‘ஏம்மா, உன் பக்கம் தப்பு இல்லன்னா வாயத் தொறந்து சொல்லேன்’னு கேட்டேன். ‘ஐயா ஒடம்பப் பத்தின விஷயத்த நான் இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாதும்மா. ஐயா நல்லபடியா வரட்டும், அவரே சொல்லட்டும்’னுச்சி. அழல.”

அந்தப் பெண்ணிடம் அட்டை இருக்கிறது. வெளியில் எங்கேயோ கட்டிய பொய்ப் பல் என்று அதில் எழுதியிருக்கும். அதைத் தூக்கிக் காட்டியிருந்தால் சரவணன் வாயடைத்துப் போயிருப்பான். காட்டவில்லை. என் முப்பத்திரண்டு பல் பெருமையைக் காப்பாற்றிக்கொண்டு, தன் கடைக்குப் பூட்டுப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது.

ஆறாம் நாள் காலை தாளை நீட்டினார்கள். எழுதினேன். ‘மு’ போட்டேன். அதற்குப் பிறகு என்ன என்று ஒரு நொடி தெரியவில்லை. யோசித்து யோசித்து எழுதி முடித்தேன். எழுத்து படிக்கட்டு மாதிரி கீழே இறங்கியிருந்தது. டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். நான் பாய்லர் பக்கத்தில் வளர்ந்தவன். அழுத்தமானியைப் பார்க்கிற முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும்.

சாவு பயம் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு இன்னொரு பயமும் வந்தது. நாளைக்கு என் புத்தி குழம்பிவிட்டால் அனந்தபுரத்தைப் பற்றிச் சொல்ல ஆள் கிடையாது. நான் போய்விட்டால் அந்தப் பெண்ணின் பெயரும் என்னோடு சேர்ந்து போய்விடும்.

டாக்டர் இன்னும் கட்டிலைவிட்டு நகரவில்லை. சரவணன் பக்கத்தில் நின்றான்.

“சரவணா, அந்தப் பூட்டத் தொற.”

“நீ படு நைனா. அதெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

“தொறடான்னா. வியாதி அங்க வாங்கல. அனந்தபுரத்துல வாங்கினேன்.”

“அனந்தபுரத்துல உனக்கு இன்னா வேல?”

“பல்லு கட்டினேன். தை மாசம்.”

அலமேலுதான் முதலில் பேசினாள். “உனக்கா? போன மாசங்கூட கமிட்டில முப்பத்திரண்டும் சொந்தம்னு பந்தயம் கட்டினியேய்யா?”

“முப்பத்தொண்ணு சொந்தம். ஒண்ணு வாடகைக்கி வெச்சிருந்தேன்.”

நர்ஸ் பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த மாதம், எப்படிப் பிடுங்கினார், ஊசி யாருடையது, குறடு எதில் கிடந்தது. விரல் மடக்கி எண்ணினார். “தை கடைசியிலேருந்து வைகாசி. மூணரை மாசம். கணக்கு சரியா வருது.”

“அந்த டம்ளர்லதான் ஒட்டிச்சா சார்? எல்லாரும் ஒரே டம்ளர்ல கொப்பளிச்சோம்.”

“டம்ளர விடுங்க பெரியவரே. ஊசியும் கொறடும்தான். டெட்டால்ல முக்கினா இது சாகாது.”

டம்ளரின் மேல் குற்றமில்லை என்று கேட்டபோது, ஏனோ எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஏன் பத்மினியிடம் முதலிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்ளவில்லை என்று சரவணன் கேட்டான். கையுறையைப் பற்றியும் கூரையில் செருகிய கிளாசைப் பற்றியும் சொன்னேன். அவனுக்கு இது தெரியாது. நான் அவனிடம் சொன்னதே இல்லை. டிராக்டர் வாங்கியதை ஆயிரம் முறை சொன்ன நான், இதைச் சொன்னதில்லை. அவன் வெளியே போனான். போன் பண்ணிப் பூட்டைத் திறக்கச் சொன்னான். பிறகு தானே செஞ்சிக்குப் போய் டாக்டர் பத்மினியிடம் மன்னிப்புக் கேட்டான் என்று பின்னால் தெரிந்தது.

ஏழாம் நாளும் எழுத்து கோணல்தான். எட்டாம் நாள் ரத்தம் உறைகிற நேரம் குறைந்தது. ஒன்பதாம் நாள் ‘ழு’ நிமிர்ந்து நின்றது. அந்தத் தாளை டாக்டரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பத்திரங்களோடு பீரோவில் இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன். கார் செஞ்சிக்குள் நுழைந்து ராஜகிரிக் கோட்டை தெரிந்ததும் அலமேலு மேல்மலையனூர் அங்காளம்மனைக் கும்பிட்டாள். நான் பாண்டிச்சேரி டாக்டரை மனசுக்குள் கும்பிட்டேன்.

நடமாட்டம் வந்ததும் முதல் வேலையாக நடுக்கடைக்குப் போனேன். இந்தத் தடவை மதியத்தில், நாலு பேர் காத்திருக்கும்போது.

“ஏம்மா, அட்டையக் காட்டியிருந்தா உன் கடைய மூடியிருக்க மாட்டானே?”

“காட்டியிருந்தா நாளைக்கி யாரு என்ன நம்பி வாயத் தொறப்பாங்க ஐயா?”

“அன்னிக்கி எனக்கு மட்டும் உறை போட்டன்னு நெனச்சேன்.”

அவருக்கு முதலில் புரியவில்லை. நான் டீக்கடைக் கிளாசைச் சொன்னேன். அவர், “இங்க குந்துங்க ஐயா” என்று ஒரு ஸ்டூலைப் போட்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பள்ளிக்கூட வாத்தியார் வந்தார், உறை புதிது. நகைக்கடைக்காரர் சம்சாரம் வந்தார், உறை புதிது. அவருடைய சொந்தச் சித்தப்பா வந்தார். கையுறை, முகமூடி, முகத் தட்டி, காகித டம்ளர், அதே தாள், அதே கேள்வி.

“யாருக்கு இருக்குது, யாருக்கு இல்லன்னு மூஞ்சப் பாத்தா தெரியாது ஐயா. அவங்களுக்கே தெரியாது. போன தடவ நீங்க வந்தப்ப உங்களுக்கே தெரியாது இல்ல? அதனால எல்லாருக்கும் இருக்குதுன்னு வெச்சிக்கினுதான் கை வெப்பேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இரண்டாம் தடவை போனபோதே என் ரத்தத்தில் வைரஸ் ஓடியிருக்கிறது. சீழும் ரத்தமும் அவர் கையில் பட்டிருக்கிறது. அந்த உறை இல்லாவிட்டால் அவருக்கு ஒட்டியிருக்கும். கருவியை அவித்து வைக்காவிட்டால் எனக்கு அடுத்து உட்கார்ந்தவருக்கு. நான் வாங்கிவந்த வியாதி அந்த நாற்காலியைத் தாண்டாமல் நின்றதற்கு, நான் அவமானம் என்று நினைத்த அந்த உறைதான் காரணம்.

அவித்து என்றேன் இல்லையா? உள்ளே ஒரு மெஷின் வைத்திருக்கிறார். ஆட்டோகிளேவ் என்று பெயர். மூடியைத் திருகியதும், அழுத்தமானியைப் பார்த்ததும் நான் சொல்லிவிட்டேன், “இது பாய்லர்மா!” பதினைந்து பவுண்டு அழுத்தம், இருபது நிமிஷம். ஒவ்வொரு குறடையும் முதலில் தேய்த்துக் கழுவி, ஒரு பைக்குள் போட்டு ஒட்டி உள்ளே வைக்கிறார். பையில் ஒரு கோடு இருக்கிறது, சரியான சூடு ஏறினால்தான் நிறம் மாறும். நோயாளி கண் முன்னால்தான் பையைக் கிழிக்கிறார். வெறும் கொதிதண்ணீருக்குச் சாகாத கிருமி, அழுத்த ஆவிக்குச் சாகும். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கொதிக்கிற தண்ணீருக்கும் அடைத்து வைத்த ஆவிக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நான் சோறு தின்றிருக்கிறேன்.

அந்த மெஷினுக்குத் தனி கரண்ட் லைன் வேண்டும் என்று அவர் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு குக்கருக்கு எதுக்குத் தனி லைன் என்று நான் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே லைன் இழுத்துக் கொடுத்தேன். பின்பக்கம் என் உமி மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, தண்ணீர்த் தொட்டி கட்டி, கருவி கழுவி அவிப்பதற்கென்றே விட்டேன். வாடகை ஏற்றவில்லை.

அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்குக் கஷ்டம். ஏல நாளன்று கமிட்டிக்குப் போனேன். மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில் நின்று, வாயை இழுத்து அந்த ஓட்டையைக் காட்டினேன். “முப்பத்திரண்டு இல்ல, முப்பத்தொண்ணுதான். ஒண்ணு அனந்தபுரத்துல போச்சி. அங்க பல்லு புடுங்கிக்கினவங்க, கட்டிக்கினவங்க எல்லாரும் போயி ரத்தம் பாருங்க” என்றேன். ஒருவன் சிரித்தான். “அப்ப பந்தயத்துல நாங்க தோத்த சோடாவ எப்ப தருவ பெரியப்பா?” என்றான். எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தேன். ஓப்பனரால் திறந்து கொடுத்தேன்.

சிரித்தவர்களில் சிலர் அந்த வாரமே கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றார்கள். இரண்டு பேருக்கு இருந்தது. அதில் ஒருவன் எங்கள் காலனிப் பையன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். உடம்பில் ஒரு அறிகுறியும் இல்லை. இப்போது பாண்டிச்சேரியில் பார்த்துக்கொள்கிறான், அவன் சம்சாரமும் குழந்தையும் ஊசி போட்டுக்கொண்டார்கள். அதிகாரிகள் வந்து அந்த அனந்தபுரம் அறையை மூடினார்கள். எனக்கு ஆறு மாதம் கழித்து ரத்தம் பார்த்தபோது வைரஸ் போய்விட்டது.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

டாக்டர் பத்மினி போன மாதம் தன் கடைச் சுவரில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறார். கையுறை ஏன், ஆட்டோகிளேவ் ஏன், ஊசி ஏன் ஒருவருக்கு ஒன்று என்று நல்ல தமிழில் எழுதியிருக்கிறது. கடைசியில் இப்படி ஒரு வரி: ‘நம் ஊரைச் சேர்ந்த ஒரு நோயாளி துணிந்து முன்வந்து சொன்னதால் பலர் பரிசோதனை செய்துகொண்டனர்.’

யார் அந்த ஒரு நோயாளி? கேட்டால், “நோயாளி பேர எழுதக் கூடாது ஐயா, அது முறை இல்ல” என்கிறார். அந்த முறையால்தான் என் மானம் ஒரு தடவை காப்பாற்றப்பட்டது. அது எனக்குத் தெரியும். அதற்கு ஆயுசுக்கும் நன்றி. ஆனால் மறைக்கிற உரிமை என்னுடையது என்றால், சொல்லச் சொல்கிற உரிமையும் என்னுடையதுதானே? சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இன்னும் யோசிக்கிறார். அதனால்தான் இத்தனை பக்கம் எழுதினேன். இதைப் படிக்கிறவர்கள் அந்தக் கடைக்குப் போனால் அவரிடம் சொல்லுங்கள்.

மில் கட்டியதற்கு எனக்குக் கல்வெட்டு வேண்டாம். ஆனால் ஊர் நடுவில் நின்று ஓட்டைப் பல்லைக் காட்டியவன் நான். அதை வேறு யாரும் செய்யவில்லை. ‘ஒரு நோயாளி’ என்கிற இடத்தை அழித்துவிட்டு என் பெயரைப் போட வேண்டும். ‘மு.’ என்று இனிஷியல் மட்டும் போட்டு நிறுத்தக் கூடாது. முனியன் மகன் ஏழுமலை என்று முழுசாகப் போட வேண்டும். தனி கிளாசில் குடித்துவிட்டுப் போன அந்த மனுஷன் பெயரை, நயினார் வீட்டுப் பெண்ணின் கடையில், வருகிறவர்கள் எல்லாரும் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

எழுத்து கோணாமல் நானே எழுதிக் கொடுக்கத் தயார்.